வெயில்ல நிக்கிறவங்களுக்கு வைட்டமின் டி

மரக்காணத்துல நான் வேலை பாக்கற மெடிக்கலுக்கு இன்னைக்கு மதியம் உப்பளத்துல வேலை செய்யற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. சீட்டுல வைட்டமின் டி மாத்திரை எழுதியிருந்துச்சு.

"நாள் முழுக்க வெயில்லதான் நிக்கிறேன். எனக்கா வெயில் பத்தல?"

முழுக்கை சட்டை, முகத்தைச் சுத்தித் துண்டு. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது.

"நம்ம கறுப்புத் தோல்ல இருக்கற மெலனினே பாதி வெயிலைத் தடுத்துடும்க்கா. மீதியை நீங்க மூடிட்டீங்க."

"மூடலைன்னா உப்பு வெளிச்சத்துல தோலு வெந்துடுதுப்பா. மூடினா எலும்பு வலிக்குது. நான் எதைக் காப்பாத்தறது?"

வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லி மாத்திரையைக் குடுத்தேன். வாங்கிட்டு மறுபடியும் உப்பளத்துக்கே போயிட்டாங்க.

நாளெல்லாம் டியூப்லைட்டுக்கு அடியில நிக்கிற எனக்கு இப்ப முட்டி வலிக்கிற மாதிரியே இருக்குது. அவங்க கேட்டதுக்கு யாருக்காவது பதில் தெரிஞ்சா சொல்லுங்க. அடுத்த மாசமும் என்கிட்டதான் வருவாங்க.