பன்னிரண்டாவது மொழி

ஓய்வு பெற்ற மறு வருடம் எனக்கு ஒரு யூனிகார்னில் வேலை கிடைத்தது. பங்குச் சந்தைக்கே வராத ஒரு கம்பெனி நூறு கோடி டாலருக்கு மேல் பெறும் என்று முதலீட்டாளர்கள் கூடிச் சொல்லிவிட்டால் அதற்கு அந்தப் பெயராம். நான் சேர்ந்த வாரம், நெற்றியில் கொம்பு வைத்த குதிரைப் படம் போட்ட கேக்கை வெட்டினார்கள். எனக்கு வால் பக்கம் ஒரு துண்டு வந்தது.

அலுவலகம் தில்லியில், ஓக்லாவில். கைபேசிச் செயலி வழியாக வைத்தியம் பார்ப்பது அவர்கள் தொழில். புண்ணைப் படமெடுத்து அனுப்பினால் டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், ஆஸ்பத்திரி வரிசையே வேண்டாம் என்று விளம்பரம் செய்தார்கள். திரையில் வரும் வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? ‘மருத்துவர் விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்’ என்பதைப் பத்து விநாடியில் எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். செயலியில் இருந்த பன்னிரண்டு மொழிகளில் தமிழைப் பன்னிரண்டாவதாக வைத்திருந்தார்கள். அப்போது என் கோபமெல்லாம் அதன் மேல்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பத்தொன்பது வருடமாக வேலை செய்த கள்ளக்குறிச்சிக்கார அம்மா, ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர். கேம்ப்பை இடித்தபோது அவருக்கு நரேலாவில் ஒரு ஃப்ளாட் ஒதுக்கினார்கள். ஜங்புரா எங்கே, நரேலா எங்கே? ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. இடிபாட்டில் பாத்திரம் பொறுக்கும்போது அவருடைய வலது காலில் ஆணி ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாளைக்கு ஒரு தரம் கட்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள். பஸ் மாறி பஸ் மாறி வந்து, வரிசையில் நின்று கட்டு மாற்றிக்கொண்டு, அதே காலோடு எங்கள் வீட்டுக்கும் வந்து பாத்திரம் தேய்ப்பார்.

பார்க்கச் சகிக்காமல் நானே ஆரம்பித்தேன். “எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? நம்ம கம்பெனி ஆப்புல டாக்டர் பாப்பாரு. வீட்டுலயே உக்காந்து போட்டோ எடுத்து அனுப்பினா போதும்.”

“தொட்டுப் பாக்காமயே வைத்தியம் பாப்பாங்களா சார்?”

“பாப்பாங்க. பெரிய கம்பெனி.”

அவருடைய மகளை வரச்சொல்லி, அவளுடைய கைபேசியில் கணக்குத் திறந்து கொடுத்தேன். மொழி கேட்கும் திரை வந்தது. அந்தப் பெண் கேம்ப்பில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள். அவள் விரல் இந்திப் பக்கம் போனது. “தமிழ் இருக்கறப்ப இந்தி எதுக்கும்மா?” என்று தடுத்து நானே தமிழை அழுத்தினேன். அந்த அம்மா காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசினால், அந்தச் சரளத்துக்குப் பக்கத்தில் நான் நிற்க முடியாது. தமிழ் எழுத்தோ தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் செயலியே வாசித்துக் காட்டும் என்று தொட்டும் காண்பித்தேன். என் வாக்கியம் ஒரு பெண் குரலில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கால் ஆறட்டும் என்று அந்த அம்மா வேலைக்கும் வரவில்லை. நடுவில் அவருக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தேன். “டாக்டர் கூப்புடுவாருன்னு சொல்லுது சார்,” என்றார். சொன்னால் சரி என்று வைத்துவிட்டேன். நான் எழுதியதை நானே நம்பினேன்.

நாலாவது வாரம் மகள் கூப்பிட்டாள். “அங்கிள், அம்மா கால் காலா... கறுப்பா ஆயிடுச்சு. ஜல்தி வாங்க.”

நரேலாவுக்கு நான் போனபோது அந்த அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அறைக்குள் நிற்க முடியாத நாற்றம். மகள் கைபேசியைக் காட்டினாள். ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே என் வாக்கியம்தான் பதில்.

“பழைய ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டேன்.

“கூப்புடுவாருன்னு சொல்லிகினே இருந்திச்சே சார். பஸ்ஸுல இருக்கறப்ப கூப்ட்டா ஒண்ணும் கேக்காதுன்னு நான் எங்கியும் போவல.”

டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாளே இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் அலுவலகத்தில் என் மேலாளரின் மேஜை முன்னால் போய் நின்றேன். என் மகன் வயது, தில்லிப் பையன், மரியாதை தெரிந்தவன். கணினியில் தேடிப் பார்த்தான். தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களின் படங்கள் தமிழ் டாக்டர்களுக்கான வரிசைக்குப் போகும். தமிழ் டாக்டர் யாரையும் இன்னும் நியமிக்கவில்லை. அந்த வரிசையை ஒருவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

“இந்தியைப் போட்டிருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பாங்க, அங்கிள்,” என்று இந்தியில் சொன்னான். குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதில் பாதியை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

“அப்ப முதல்ல தமிழை எடுத்துடுங்க.”

“அது முடியாது அங்கிள். பன்னிரண்டு மொழின்னு முதலீட்டாளர்கள்கிட்ட காட்டியாச்சு. அடுத்த மதிப்பீடு நடந்துட்டிருக்கு. இந்த நேரத்துல பதினொண்ணுன்னு சொன்னா நல்லா இருக்காது. நீங்க வேணும்னா அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையா மாத்திக் குடுங்க.”

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ‘இந்தச் செயலியில் தமிழர்களுக்கு டாக்டர் இல்லை. காத்திருக்காதீர்கள். உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினேன். அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கட்டைவிரல் படத்தோடு ஒப்புதல் வந்தது. மாலைக்குள் தமிழைத் தேர்ந்தெடுத்த எல்லாருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த அம்மா விழித்துத்தான் இருந்தார். காலில் பெரிய கட்டு. நான்தான் அந்த வாக்கியத்தை எழுதியவன் என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். இப்போது மாற்றிவிட்டேன் என்று சொல்லி, மகளின் கைபேசியை வாங்கி ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“இத மொதல்லயே எழுதியிருக்கலாமே சார்,” என்றார்.