எங்கள் காக்காவின் மெல்லிய கத்திகள்

எங்கள் அண்ணனான காக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. அவர் பேரில் குர்ஆன் கத்தம் ஓதி, சாப்பாடும் முடிந்த பிறகு இந்தச் சிறு நூல் உங்கள் கைக்கு வந்திருக்கும். கணிதம் படிப்பித்தவளுக்கு எழுதவும் வரும் என்று நம்பி, காக்காவின் பிள்ளைகள் இந்தக் கட்டுரையை அவருடைய கடைசித் தங்கையான என்னிடம் ஒப்படைத்தார்கள். அவரைப் பற்றி எழுதுவதென்றால் அவர் செய்த மடக்குக் கத்திகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தம்மைப் பற்றி அவர் கதைத்தது மிகக் குறைவு.

நாங்கள் நிந்தவூரில் பிறந்தவர்கள். வாப்பா வயல் செய்தார். காக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வாப்பா மௌத்தாகிவிட, உழைக்க வேறு ஆளில்லாமல் அவர் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு அரிசி ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரங்களைக் கழற்றவும் பூட்டவும் கடையவும் அங்கேதான் பழகினார். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனது அவருடைய உழைப்பில். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு சாய்ந்தமருதில் எங்கள் மதினியைக் கலியாணம் முடித்தார். நம் வழக்கப்படி பெண் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போய், கடற்கரைப் பக்கமாக ஒரு திருத்தப் பட்டறை போட்டார். சுனாமி அந்தப் பட்டறையையும் மதினியின் வாப்பாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அதன் பிறகு வயல் பக்கமாகக் கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டார். அங்கே அவரிடம் இருந்த இரும்பு, மர ஆலை ஒன்று கழித்துப் போட்ட பழைய வாள் தகடுகள் மட்டுமே. கையைச் சும்மா வைத்திருக்க முடியாத மனிதர். அந்தத் தகடுகளில் கத்தி செய்யத் தொடங்கினார்.

முதலில் செய்த கத்திகள் பார்க்க அழகாக இருந்தன. முதிரை மரப் பிடி, பித்தளை ஆணி, கனமான அலகு. தடிப்பு என்றால் பலம் என்று அவரும் நம்பியிருந்தார். வெட்டும் விளிம்பான வாயைக் கையில் வைத்தால் மயிர் சிரைக்கும். அவ்வளவு கூர். அதில் ஒன்றை மதினியிடம் கொடுத்து மாங்காய் வெட்டச் சொன்னார். மதினி இரண்டு துண்டு வெட்டினார். மூன்றாவது வெட்டில் கத்தி பாதி போகும் முன்னே மாங்காய் தானாக வெடித்து ஒரு துண்டு முற்றத்தில் போய் விழுந்தது.

“இது வெட்டுற கத்தி இல்ல, பொளக்கிற கத்தி,” என்றார் மதினி. சொல்லிவிட்டுத் தன்னுடைய தேய்ந்துபோன பழைய சமையல் கத்தியை எடுத்து மிச்சத்தை வெட்டி முடித்தார். அந்தக் கத்தி அத்தனை கூரானதுமில்லை. இருந்தும் மாங்காய்க்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

காக்கா இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனவர், அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கத்தியைக் குறுக்கே அறுத்தால் எப்படித் தெரியும் என்று ஒரு கொப்பியில் என்னைக் கீறச் சொன்னார். முதுகில் அகலமும் வாயில் கூர்முனையுமாக இரண்டு முக்கோணங்களைக் கீறினேன், ஒன்று அகலமாக, ஒன்று ஒடுக்கமாக. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“வாய் போன இடத்தால முதுகும் போகோணும். நான் வாய மட்டும்தான் பாத்திரிக்கன்.”

விசயம் அவ்வளவுதான். கத்தியின் வாய் முதல் மயிரிழை அளவைத்தான் வெட்டுகிறது. அதன் பின்னால் வரும் உடம்பு, வெட்டுண்ட இரண்டு பக்கத்தையும் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உடம்பு தடித்திருந்தால் கையின் பலமெல்லாம் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. மாங்காயும் கரட்டும் வெடிப்பது அதனால்தான். வாயிலிருந்து முதுகு வரைக்கும் இரு பக்கத்தையும் மெலிதாகச் சாணை பிடித்துவிட்டால் தள்ளுவதற்கு அதிகம் இல்லை, கத்தி போய்க்கொண்டே இருக்கும். கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டும். கல்லில் நாலு தரம் இழுத்தால் மறுபடியும் கூராகிவிடும். வருடக் கணக்காகத் தீட்டும்போது வாய் மெல்ல மெல்ல முதுகை நோக்கி, தடிப்பான இடத்துக்கு ஏறிவிடுகிறது என்பதையும் காக்கா பிறகு கண்டுகொண்டார். அதனால் தீட்டக் கொண்டு வரும் கத்தியின் வாயை மட்டும் தீட்டித் திருப்பிக் கொடுக்க மாட்டார். பக்கங்களையும் தேய்த்து மெலிதாக்கித்தான் கொடுப்பார்.

அந்த மெல்லிய கத்திகள் கரையெங்கும் போயின. மீன்பிடிக்காரர், வயல்காரர், மருதமுனைத் தறிக்காரர் என்று கேட்டு வந்தார்கள். ஒவ்வொன்றையும் முதலில் மதினியின் கையில் கொடுத்து, அவர் சரி என்ற பிறகுதான் விற்றார்.

ஆறேழு வருடம் இப்படி நல்லபடியாகப் போனது. ஒருநாள் தம்பிலுவிலிலிருந்து செய்தி வந்தது. நடேசன் என்ற மீனவர், காக்காவின் கத்தி நடுவில் முறிந்து பெருவிரலின் அடியைக் கிழித்துவிட்டதால் வைத்தியசாலையில் இருக்கிறார் என்றார்கள். தையல் போட்டிருந்தது. பல நாட்களுக்குக் கடலுக்குப் போக முடியாது.

கதை கத்தியைவிட வேகமாகப் பரவியது. கல்முனையில் இரும்புக் கடை வைத்திருந்த நண்பர், விற்பனைக்கு வைத்திருந்த கத்திகளைத் திருப்பி அனுப்பினார். இனிமேல் தடிப்பாகச் செய்தால் மட்டும் வாங்குவதாகச் சொன்னார். சொந்தக்காரரும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. “கொஞ்சம் தடிப்பாச் செய்ங்க காக்கா, ஊர் வாய அடைச்சிரலாம்,” என்றேன்.  முறிந்த துண்டுகளைப் பார்க்க வேண்டும், தம்பிலுவிலுக்குக் கூட்டிப் போகிறாயா என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கண் பார்வை குறைந்து மோட்டார் சைக்கிளை விட்டிருந்த காலம் அது. என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

நடேசன் கையில் கட்டோடு வாசலில் இருந்தார். அவருடைய மனைவி எங்களுக்குக் கதிரை தந்தார், ஆனால் முகம் தரவில்லை. காக்கா முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து, முறிவு வாயைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். நல்ல உருக்கு முறிந்தால் அந்த இடம் மாவைப் போல் மழமழப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்குமாம். இது உப்பைப் போலப் பொரிப்பொரியாக மின்னியது. அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, வளையாமல் முறியும் உருக்கின் அடையாளம் அது.

அவருக்குக் காரணம் அங்கேயே விளங்கிவிட்டது. கொட்டிலின் கூரைத் தகரத்தை மாற்றுவதற்காகக் கழற்றியிருந்த இரண்டு நாளில் செய்த கத்தி அது. அலகைப் பழுக்கக் காய்ச்சும்போது அதன் சிவப்பைப் பார்த்துத்தான் சூட்டை மட்டிட வேண்டும். நிழலில் தெரியும் சிவப்பு வெயிலில் தெரியாது. தெரியட்டும் என்று அவர் மேலும் மேலும் காய்ச்சியிருக்கிறார்.

அதை அப்படியே நடேசனிடம் சொன்னார். நடேசனுக்குச் சங்கடமாகிவிட்டது.

“நீங்க ஏன் காக்கா இதத் தலையில போடுறீங்க? என்ஜின் மூடிய அதால தெண்டித் தொறந்தது நான். கத்தியால தெண்டக் கூடாதெண்டு எனக்கும் தெரியும்.”

“தெண்டினா வளஞ்சிரிக்கோணும் தம்பி. வளஞ்சிரிந்தா உங்கட பிழை. முறிஞ்சது என்ட பிழை.”

நடேசனின் மனைவி அதன் பிறகுதான் தேநீர் கொண்டு வந்தார்.

அந்த இரண்டு நாளில் ஒன்பது கத்திகள் செய்திருந்தார். ஒன்று முறிந்தாயிற்று. மற்ற எட்டையும் திருப்பி எடுக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய் என் கத்தி பிழை என்று சொல்வதா என்று வழியெல்லாம் அவரோடு சண்டை பிடித்தேன். காற்றில் அவருக்குக் காது கேட்டதோ என்னவோ, முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் இறங்கும்போது சொன்னார்.

இரண்டு கிழமையில் எட்டையும் எடுத்தோம். எந்தக் கத்தி யாரிடம் போனது என்பதைப் பிடியின் மரத்தை வைத்தே நினைவில் வைத்திருந்தார். சிலர் நல்ல கத்தி, இருக்கட்டும் என்றார்கள். திருக்கோவிலில் கோயிலுக்குப் பூமாலை கட்டும் அம்மா ஒருவர், அது இல்லாமல் நாளைக்குத் தண்டு வெட்டுவது எப்படி என்று கேட்டுத் தரவே மறுத்தார். காக்கா தம் சட்டைப் பையிலிருந்த சொந்தக் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதைவிட மெலிதான கத்தியை அவர் செய்ததில்லை. அந்த அம்மா ஒரு தண்டை வெட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

எட்டையும் குறட்டில் இறுக்கி ஒவ்வொன்றாக முறித்தார். ஐந்தில் அதே உப்புப் பொரி. மூன்று மா மாதிரி நன்றாகவே இருந்தன. நல்ல மூன்றையும் வீணாக முறித்துவிட்டீர்களே என்றேன்.

“முறிச்சுப் பாக்காம எது நல்லதெண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரியாத ஒண்ட எப்பிடி ஆக்கள்ற கையில குடுக்கிற?”

ஒன்பது பேருக்கும் புதுக் கத்தி செய்தார். ஒரு மயிரிழைகூடத் தடிப்பாக்கவில்லை. ஒவ்வொன்றின் வாயையும் பித்தளைக் கம்பியின் மேல் அழுத்தி, அது மெல்ல வளைந்து மறுபடி நேராகிறதா என்று பார்த்தார். நடேசனின் கத்தியை எடுத்துக்கொண்டு முதலில் கல்முனை இரும்புக் கடைக்குப் போனோம். கடையிலிருந்த தடித்த வெளிநாட்டுக் கத்தியை அதே கூருக்குத் தீட்டி, இரண்டையும் நண்பரிடமே கொடுத்து ஒரு கரட்டை வெட்டச் சொன்னார். தடித்த கத்தியில் கரட் படக்கென்று வெடித்தது. மெலிதான கத்தியில் கடதாசி போல வட்டம் வட்டமாக விழுந்தது. நண்பர் கரட் முடியும் வரைக்கும் வெட்டிக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பிய கத்திகளை அடுத்த கிழமையே கேட்டு வாங்கிக்கொண்டார். காக்கா அதற்காக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. நடேசன் கடலுக்குப் போகத் தொடங்கிய செய்தி கேட்ட நாளில்தான் அவர் முகம் தெளிந்ததைக் கண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் அவருடைய வலக்கையைத் தளர்த்தியது. நாங்கள் பயந்தது போல் அவர் உடைந்துபோகவில்லை. கொட்டிலில் கதிரை போட்டு அவர் இருக்க, சாணைக்கு முன்னால் மதினி இருந்தார். இத்தனை வருடமும் கத்திகளைச் சரி, பிழை என்று சொன்ன கை அது. பிடித்துப் பழகச் சில மாதம்தான் எடுத்தது. சாணையின் சத்தத்தைக் கேட்டே காக்கா, இன்னும் சரியுங்கள், முதுகைப் படுக்க வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சில நேரம் இருவருக்கும் வாக்குவாதமும் நடக்கும். மதினி விட்டுக்கொடுத்ததை நான் பார்த்ததில்லை. கடைசி மாதங்களில் அவர் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கதிரையிலிருந்தபடியே சுபஹ் தொழுதுவிட்டு, முதுகு வலிக்கிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கபுறை விசாலமாக்கி வைக்க வேண்டும்.

அவருடைய நோய்க் காலத்தில் பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதியர்கள், ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள், கபுறு வெட்டியவர்கள், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு அனுப்பிய அயல் வீட்டுப் பெண்கள், தம்பிலுவிலிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வந்து, அவரை அடக்கிய மையவாடி வாசலில் வெயிலில் நின்றவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. பெயர் சொல்லாமல் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

கணவரை இழந்தவர் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிந்த மறுநாளே மதினி கொட்டிலைத் திறந்துவிட்டார். உங்கள் சார்பில் நன்றியாக என்ன எழுதட்டும் என்று அவரிடம் கேட்டேன். சாணையை நிறுத்தாமலே சொன்னார்:

“நன்றிய நீங்க எழுதுங்க. எனக்காக இத எழுதுங்க: உங்கட காக்காட கத்தி ஆருக்காவது பிழைச்சிரிந்தா, மனசில வெச்சிக்காம கொண்டு வரச் சொல்லுங்க. நான் இரிக்கன்.”