ஹால் டிக்கெட்டின் பின்னால் இரண்டு வரி

போன செவ்வாய்க்கிழமை எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் என் அக்கா மகள் சரோஜா ஒரு கேஸ் ஜெயித்தாள். எதிர்த்தரப்பு யார் தெரியுமா? அவள் படிக்கிற யூனிவர்சிடி!

எல்லையோரத்து முதலமடைக்காரி. பி.எஸ்ஸி. கடைசி வருஷம். இந்த எழுபதுகளிலும் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அவ்வளவு தூரம் படிப்பது அபூர்வம். போன வருஷம் டிகிரிப் பரீட்சையின் கடைசிப் பேப்பரான கெமிஸ்ட்ரியில், அவள் ஹால் டிக்கெட்டின் பின்னால் பென்சிலில் இரண்டு வரி ஃபார்முலா இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்டனை? எழுதிய பரீட்சை எல்லாம் ரத்து. அதோடு மூன்று வருஷத்துக்கு எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது.

மாந்தோப்பு வைத்திருக்கும் மச்சான் — சரோஜாவின் அப்பா — திட்டவில்லை. மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். படித்தது போதும் என்று மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார். அக்காதான் எனக்கு ஆள் அனுப்பினாள்.

வக்கீலிடம் கூட்டிப்போனேன். அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். அது தன் கையெழுத்தே இல்லை என்று அபிடவிட்டில் சொல்லிவிட்டால் போதுமாம். நிரூபிப்பது யூனிவர்சிடியின் பாடு. எனக்கும் சரியென்றே பட்டது.

சரோஜா ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுதுனது நானுங்க மாமா. பயத்துல எழுதிட்டேன். அந்த ஒரு பேப்பரை ரத்துப் பண்ணட்டும், ஏன்னு கேக்க மாட்டேன். மூணு வருசம் எதுக்குங்க? அதைத்தான் கேக்கோணும்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். இப்படி ஒத்துக்கொண்டால் கேஸ் நிற்காது என்றார். நானும் கெஞ்சிப் பார்த்தேன்... ம்ஹூம். கடைசியில் அவள் சொன்னபடியே எழுதினார்.

அதை ஜட்ஜ் இரண்டு தடவை படித்தார். யூனிவர்சிடி வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி. இரண்டு வரிக்கு மூன்று வருஷம் என்றால், முழுப் புத்தகத்தோடு வருகிறவனை என்ன செய்வீர்கள்? கெமிஸ்ட்ரி பேப்பர் ரத்து ஒன்றே போதும், மற்ற தண்டனை எல்லாம் அதிகம், செல்லாது என்று தீர்ப்பு. அந்த ஒரு பேப்பரைத் திரும்ப எழுதினால் டிகிரி!

ஊருக்குத் தந்தி அடித்தேன். சாயங்காலம் முதலமடை ஸ்டேஷனில் நானும் சரோஜாவும் ரயிலை விட்டு இறங்கினால்... மச்சான் நிற்கிறார். நடந்ததைச் சொன்னேன், அவள் பொய் சொல்ல மறுத்ததையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, எத்தனையோ மாசத்துக்கு அப்புறம், மகளைப் பார்த்து, குழந்தையில் கூப்பிடுவது போலச் செல்லமாகப் பேசினார்.

"பசிக்குதா சாமி?"

கோர்ட்டில் கலங்காமல் நின்றவள் அங்கேதான் அழுதாள்.

தப்பை ஒத்துக்கொண்ட பிறகும் நியாயம் கேட்கலாம் என்பது எனக்கு இத்தனை வயசு வரை தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒத்துக்கொள்ளச் சொன்னதே தன் யோசனைதான் என்று வக்கீல் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்... சொல்லட்டும், பாவம்!