லிங்க்கில் சிரிப்பவள்

மும்பை செம்பூரில் எங்கள் விளம்பரக் கம்பெனிக்கு எடிட்டர் வேலை கேட்டு வந்தவர் அவர். லோக்கல் ரயில் நெரிசலுக்காக மார்பில் மாட்டிய பையை, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. தன் வேலைகளைப் போட்டுவைத்திருந்த லிங்க்கைத் திறந்து கொடுத்தார். படம் ஓடும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு டீத்தூள் விளம்பரம். முடிவில் ஒரு பெண் டீயைக் குடித்துவிட்டு நம்மை நேராகப் பார்த்துச் சிரித்தாள். டிவியில் வந்ததில் அந்த இடத்தில் பாக்கெட்தான் இருந்தது.

“இது உங்க இஷ்டத்துக்கு எடிட் பண்ணினதா?”

“ஆமா சார்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மேடம் டிவியில வந்ததைத்தான் கேப்பாங்க. இதை எடுத்துட்டு அதைப் போட்டுடுங்க.”

“அந்த அக்கா எங்க தாராவி சந்துல இட்லி விக்கிறவ சார். நான்தான் நடிக்கக் கூட்டிட்டுப் போனேன். ‘டிவிக்காரன்தான் வெட்டிட்டான், தம்பி வெட்டல’ன்னு இந்த லிங்க்கை எல்லார்ட்டயும் காட்டிட்டு இருக்கா. எடுத்தா நானும் வெட்டுன மாதிரி ஆயிரும்லா?”

மேடத்திடம் அதையே காட்டினேன். “கிளையன்ட் வேண்டாம்னதைக் காட்டியா வேலை கேக்கறது?” என்றார். அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. வேலை கிடைக்கவில்லை.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எப்போதாவது அந்த லிங்க்கைத் திறப்பேன். அவள் சிரிப்பாள். என்றைக்காவது அவள் அதில் இல்லாமல் போனால், அவருக்கு எங்கோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.