மைக்கில் மனந்திரும்பியவர்

விரல் நுனியால் மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஹலோ... செக்... செக்..." என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் சவுண்ட் சர்வீஸ்காரர் அழ ஆரம்பிப்பார். எக்கோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் விம்மல் எடுப்பாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் போதும், மிக்ஸரை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் முன்னால் நிற்பார்.

"நான் பெரும் பாவிங்க. மச்சினி கல்யாணத்துல குடிச்சிட்டு வந்து, மைக்கைப் பிடிச்சு, மாமனாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்னைக்கு ஸ்பீக்கர் கட்டினதும் நான்தான். தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அப்படிப்பட்ட என்னை ஆண்டவர் மாத்திட்டாருங்க!"

சபை "அல்லேலூயா" என்கிறது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள். அத்தனை பேரும் திரும்பி அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் அப்பா ஒருநாள் வாங்கிய திட்டு வாராவாரம் ஒலிபரப்பாகிறது. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. போதாக்குறைக்கு, போன மாதத்திலிருந்து மாமனார் தேம்பித் தேம்பி அழுததாக ஒரு காட்சி வேறு சேர்ந்திருக்கிறது. அப்பா எங்கே அழுதார்? சாப்பிடாமல் எழுந்து போனார், அவ்வளவுதான். அன்றோடு மகள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார். மருமகனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வீடென்னவோ இரண்டு தெரு தள்ளித்தான்.

குடியை விட்டது நிஜம். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தொழிலிலும் சுத்தமான ஆள். வயரை முழங்கையில் சுற்றவே மாட்டார்; வளையம் வளையமாக உள்ளங்கையில்தான் அடுக்குவார். கேட்டால், "முறுக்கினா அதுக்கு வலிக்கும்மா" என்பார். வயருக்கு வலிப்பது தெரிகிற மனுஷனுக்கு மற்றது எப்படித் தெரியாமல் போனது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் அதே மைக் குரல்தான். அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்களேன்."

"ஆண்டவர்தான் மன்னிச்சிட்டாரேம்மா. சபைக்கே தெரியும்."

"திட்டு வாங்கினது ஆண்டவரா, எங்கப்பாவா?"

"நான் மனந்திரும்பினவன்!"

"திரும்பினீங்க சரி. திரும்பின இடத்துலயே நின்னா எப்படி? நடக்க வேணாமா?"

பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் போதகரிடமே போனாள். அவரும் கூப்பிட்டுச் சொன்னார்: "பிரதர், அழுறது மட்டும் மனந்திரும்புதல் இல்ல. போக வேண்டிய வீட்டுக்குப் போறதுதான் அது." அடுத்த ஞாயிறு இவர் அந்த வார்த்தையையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டு, முன்பைவிட நன்றாக அழுதார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அவசரம். அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எங்கப்பாவுக்குக் காது போயிட்டிருக்கு. அப்புறம் நீங்க மன்னிப்புக் கேட்டு என்ன, கேக்காம என்ன?" என்று அவள் கத்தினாள்.

மறுநாள் பார்த்தால், வாசலில் நிற்கும் வண்டியில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஏறிக்கொண்டிருந்தன.

"இது எதுக்கு?"

"மாமாவுக்குத்தான் காது கேக்காதுன்னியே."

"இன்னொரு தடவை ஊரைக் கூட்டணுமா? இறக்குங்க எல்லாத்தையும்!"

வெறுங்கையோடு அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். இவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. வலது கை தானாக வாயருகே எழுந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் இறங்கியது. கடைசியில் நாற்காலி பக்கத்தில் முழங்கால் போட்டு, உள்ளங்கையைக் குவித்து, மாமனாரின் காதோரம் வாயை வைத்தார். என்ன சொன்னாரோ, கதவருகில் நின்ற அவளுக்கே கேட்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அது இடது காது. பாழாய்ப்போன மனுஷன், இடையில் ஒருதடவையாவது வந்து எட்டிப் பார்த்திருந்தால் கேட்கிற காது எது என்று தெரிந்திருக்கும். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்தக் காது இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். பிறகு முகத்தை மெல்லத் திருப்பி, வலது காதை மருமகனின் வாயருகே கொண்டுவந்தார்.