ஆறடி மூன்றங்குல வயிறு

வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அவள்தான். ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதில் வீட்டுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. ‘ஆஸ்பத்திரியில போட்டோ எடுக்கறா’ என்பாள் அம்மா. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவோ, ‘பாதி டாக்டர்’ என்று ஒரே தூக்காகத் தூக்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கே சில நாள் குழப்பமாக இருக்கும். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. நாலு வருஷம் படித்தது இந்த மூன்று வார்த்தைக்குத்தானா?

அறுவை சிகிச்சை வார்டுக்கு அவள் தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ்ரே வண்டிக்கு நர்ஸுகள் வைத்த பெயர் யானை. வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். போகிற போக்கில் தன் நீண்ட கையால் ஏதாவது ஒரு திரையை இழுத்துவிட்டுத்தான் போகும்.

அன்று யானை போய் நின்றது ஏழாம் கட்டிலில். அங்கே ஒரு லாரி டிரைவர். ஆறடி மூன்றங்குல உயரம். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். குடலில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள். வயிறு உப்பிக்கொண்டதே தவிர உள்ளே எதுவும் நகரவில்லை. காலை எட்டு மணிக்கு மூக்குக் குழாய் வழியாக ஒரு மருந்தை இறக்கியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும். நாலு மணிப் படத்தில் அந்த வெள்ளை பெருங்குடலுக்கு வந்திருந்தால் பிழைத்தார், தானாகச் சரியாகிவிடும். வராவிட்டால் வயிற்றை மறுபடி திறக்க வேண்டும்.

“தங்கச்சி, சிரிக்கணுமா?” என்றார் டிரைவர்.

“உங்க வயிறு சிரிச்சா போதும்ணே. மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க.”

அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “இருபது வருஷமா நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்ல. நீ சொன்னா மூச்சையே நிறுத்தறாரு பாரு!”

“அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி வெளிய நில்லுங்க.”

“ஏன், என் வயித்தையும் சேத்துப் புடிச்சிடுமா?”

சிரிப்போடு சிரிப்பாக ஒரு படம் எடுத்து முடித்து, யானையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் வார்டு நர்ஸ் போன் செய்தாள். “ஏழாம் கட்டிலுக்கு மறுபடி ஆபரேஷனாம். மருந்து சின்னக் குடல்லயே நிக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆறு மணிக்கு தியேட்டர். அந்தக்கா கட்டில் கம்பியப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க.”

மனசு கேட்காமல் படத்தைத் திரும்பத் திறந்தாள். வயிற்றுப் படம் என்றால் இடுப்பெலும்பின் அடிவரை விழ வேண்டும். இது பாதியிலேயே முடிந்துவிட்டது. இத்தனை உயரத்துக்கு, முதுகுக்கு அடியில் வைக்கும் படத்தட்டு ஒன்று பத்தாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு படம் எடுத்திருக்க வேண்டும். பெருங்குடல் தொடங்குகிற இடம் வலது அடிவயிறு. சிலருக்கு இன்னும் கீழே இறங்கியிருக்கும். அந்த மூலையே படத்தில் இல்லை.

எட்டிப் பார்த்த மூத்த டெக்னீஷியன் அலட்டிக்கொள்ளவில்லை. “இன்னொண்ணு எடுத்துட்டு, ‘நோயாளி அசைந்துவிட்டார்’னு நோட்டுல எழுதிடு. எல்லாரும் அதத்தான் எழுதறோம்.”

உண்மைதான். படத்தை ஏன் மறுபடி எடுத்தோம் என்று காரணம் எழுதும் அந்த நோட்டைப் படித்தால் வந்த நோயாளிகள் எல்லாரும் நடனக்காரர்கள் என்றே தோன்றும். ஆனால் மூக்கில் குழாய், கையில் குழாய், வயிறு நிறையத் தையல். இந்த மனிதரை அசைய வைக்கத்தானே வார்டே ஆறு நாளாகப் பாடுபடுகிறது!

தியேட்டருக்குப் போகும் வழியில் சர்ஜனைப் பிடித்தாள். “டாக்டர், நாலு மணிப் படத்துல அடிவயிறு முழுசா விழல. ரெண்டு படம் எடுத்திருக்கணும். என் தப்பு.”

“மருந்து கீழ வந்திருக்கும்ங்கறியா?”

“அது தெரியாது டாக்டர். நாம இன்னும் அங்க பாக்கலன்னு மட்டும் தெரியும்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். ‘பாதி டாக்டர்’ கால் டாக்டராகி, அதுவும் கரைந்துபோய் நின்றாள்.

“பத்து நிமிஷம் தர்றேன். நானும் வர்றேன், நட.”

இந்த முறை யானைகூட அடம்பிடிக்காமல் வந்தது. தட்டைக் கீழே இறக்கி, இடுப்பெலும்பை விரலால் தடவிப் பார்த்து வைத்தாள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. படம் வண்டியின் திரையில் விழுந்தது. பெருங்குடல் தொடங்கும் அந்த மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பை.

சர்ஜன் குனிந்து பார்த்தார். “அட, வந்து உக்காந்திருக்கே! தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க. இன்னிக்குப் பொறுத்துப் பாக்கலாம்.” கிளம்பும்போது அவள் பக்கம் திரும்பினார். “அடுத்த தடவை தட்டை வெக்கறதுக்கு முன்னாடி காலைப் பாரும்மா. கட்டிலுக்கு வெளிய தொங்குதுல்ல?”

மனைவி திரையில் மூக்கை ஒட்டாத குறையாகப் பார்த்தாள். “இவ்ளோண்டா?”

“இவ்ளோண்டு போதும்க்கா.”

நோட்டில் காரணம் என்ற கட்டத்தில், ‘தட்டு பத்தவில்லை. கவனிக்காதது நான்’ என்று எழுதினாள். மூத்தவர் படித்துவிட்டு, “எங்க மானத்தையெல்லாம் வாங்கறியேம்மா,” என்று சொல்லி, டீயைப் பாதி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

ஷிப்ட் முடிந்து வார்டு வழியாகப் போனவளை ஒரு குரல் நிறுத்தியது. ஏழாம் கட்டிலின் மனைவி வார்டின் நடுவில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். “அவருக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு! ரெண்டு தடவை!”

குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எல்லாக் கட்டிலிலிருந்தும் வாழ்த்து வந்தது. டிரைவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்; கால் முழங்கால்வரை வெளியே வந்துவிட்டது.

“ஊரெல்லாம் சொல்ல வேற சேதியே கெடைக்கலையாடி உனக்கு?”

“இருபது வருஷத்துல நீங்க குடுத்த ஒரே நல்ல சேதிங்க இது. சும்மா இருங்க!”