வாலடியில் பூசிய குங்குமம்

சாவுச் செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. நான் மாட்டுக் கொட்டிலில் வெள்ளையனுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து, "நேசமலர் டொக்டர் மோசம் போட்டாவாம். விடியப்புறம் நெஞ்சு நோவாம்" என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வலிகாமத்தில் ஆடு மாடு வளர்த்த எவருக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க மிருக வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பம். திருமணம் செய்யவில்லை. நல்லூரில் ஒரு சிறிய வீடு, ஒரு சிவப்பு ஸ்கூட்டர், அதன் முன்கூடையில் மருந்துப் பெட்டி. ஊரவர்கள் "மாட்டு டொக்டர்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "மனிச டொக்டரிட்டை நோயாளி பொய் சொல்லும். என்ரை நோயாளி ஒருநாளும் சொல்லாது. கூட்டிக்கொண்டு வாற ஆள்தான் சொல்லும்" என்பார். நான் அந்தக் கூட்டிக்கொண்டு வரும் ஆட்களில் ஒருவன்.

அவரை நான் முதலில் கவனித்தது இணுவில் சந்தைக்குப் போகும் வழியில். ஒருவன் சைக்கிள் கைபிடியில் பத்துப் பன்னிரண்டு கோழிகளைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். டொக்டர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார்.

"தம்பி, இறக்கு."

"டொக்டர், கோழி எப்பிடியும் சட்டிக்குத்தானே போகுது?"

"ஓம். சட்டி வரைக்கும் உயிரோடையெல்லோ போகுது? உன்னைக் காலிலை கட்டி உதிலை தொங்கவிட்டால் சந்தை வரைக்கும் தாங்குவியோ?"

"என்னை ஆர் டொக்டர் காசு குடுத்து வாங்குவினம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். ஆனால் வழியை விடவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு பழைய கூடைகள் கேட்டு வாங்கி, கோழிகளின் கட்டை அவிழ்த்து அவற்றுக்குள் விட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக் கொடுத்த பிறகுதான் விலகினார். "சாகிறது வேறை, வதைபடுறது வேறை" என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் முட்டைகூடத் தொடாத சைவன். ஆட்டிறைச்சி சாப்பிடுகிற ஒருவர் உயிர்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதா? பின்னொரு நாள் அவர் முகத்துக்கு நேரேயே கேட்டேன். "ஓம் மாஸ்ரர், தின்னுறனான். அதாலைதான் அதுகின்ரை கடைசி நாள் எப்பிடிப் போகுதெண்டு பார்க்கிறது எனக்குக் கடமை. நீங்கள் தின்னாமல் விட்டுட்டு, பார்க்காமலும் விட்டுட்டியள்" என்றார். அந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை.

நான் எளிதில் மன்னிக்கிறவன் அல்ல. கணிதம் கற்பிக்கிற எனக்குப் பள்ளியில் வரவேண்டிய உப அதிபர் பதவி, என்னிலும் ஆறு வருடம் இளையவருக்குப் போனதை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த நாட்களில் என் பெயரைச் சொல்லி மனிதர்கள் கைதட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: சவாரித் திடல். ஊர்க் கோயிலின் பின்புறத் தரவை வெளியில் ஒவ்வொரு வருடமும் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடக்கும். என் சோடியில் வெள்ளையன் வலது பக்கம் ஓடுவான். எங்கள் சவாரிச் சங்கம் அந்தக் காலத்தில் ஒரு நல்ல வேலை செய்திருந்தது. ஓட்டம் முடிந்ததும் டொக்டர் மாடுகளைப் பார்ப்பார். தடி நுனியில் ஆணி வைத்துக் குத்திய காயம் இருந்தால் அந்தச் சோடிக்குப் பரிசு இல்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய அந்த ஓட்டத்தில் என் சோடி ஒரு முழத்தால் முந்தியது. எப்படி முந்தியது என்று சொல்கிறேன். என் துவரந்தடியின் நுனியில் ஒரு ஆணி இருந்தது. கடைசி நூறு யார் தூரத்தில் வெள்ளையன் பின்தங்கினான். நான் வாலடியில் குத்தினேன். ஒரு முறை அல்ல.

வென்ற மாடுகளுக்கு மாலை போட்டு, கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், ஐயர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். டொக்டரின் பரிசோதனை அதற்குப் பிறகுதான். ஐயர் வெள்ளையனின் நெற்றியில் வைத்துவிட்டுத் திரும்பியதும், தட்டில் மிஞ்சிய குங்குமத்தை ஒரு கை அள்ளி அவன் வாலடியில் பூசினேன். வெள்ளை மாட்டில் இரத்தம் ஒளிக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

டொக்டர் வந்தார். மாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னால் நின்றார். போத்தல் தண்ணீரில் துணியை நனைத்தார்.

"டொக்டர், அது கோயில் குங்குமம்" என்றார் சங்கத் தலைவர்.

"கோயில் குங்குமம் நெத்தியிலையெல்லோ இருக்கும்? வாலடியிலை என்ன செய்யுது?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்திருந்தால் நான் அன்றைக்கே முடிந்திருப்பேன். அவர் துணியை வைத்துத் துடைக்கத் தொடங்கியதும் நான் கத்தினேன்: "வேதக்காரர் வந்து எங்கடை சாமியின்ரை குங்குமத்தை மாட்டுப் பின்பக்கத்திலை போட்டு உரஞ்சுறதோ? பார்த்துக்கொண்டு நிக்கிறியளோ?"

அவ்வளவுதான். ஆணியைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. துணியை யாரோ பறித்தார்கள். தலைவர் அவரைத் திடலுக்கு வெளியே போகச் சொன்னார். சாமியின் குங்குமத்தைக் கண்ட இடத்தில் பூசியவன் பரிசுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அடுத்த கிழமை, "எமது சமய உணர்வை அவமதித்தபடியால்" இனி வரவேண்டாம் என்று சங்கம் அவருக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தின் தமிழைத் திருத்திக் கொடுத்தவனும் நான்தான். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் திடலில் எந்த மாட்டையும் எந்த வைத்தியரும் பார்த்ததில்லை.

ஓட்டம் முடிந்த ஐந்தாம் நாள் வெள்ளையன் தீன் எடுக்கவில்லை. பின்பக்கம் வீங்கி, சீழ் வைத்து, புழுவும் கண்டுவிட்டது. டொக்டரை அழைத்தது என் மனைவி. எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. உச்சி வெயிலில் சிவப்பு ஸ்கூட்டர் வந்து நின்றது. என்னோடு ஒரு வார்த்தை கதைக்காமல் கொட்டிலுக்குள் போய், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முழங்காலில் இருந்து புழு எடுத்து, கழுவி, மருந்து வைத்தார். பிறகு பெட்டிக்குள் எதையோ தேடியபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"மாஸ்ரர், ஆணி துருப்பிடிச்சதோ?"

அது குற்றச்சாட்டு அல்ல. துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் ஏற்புவலிக்கு ஊசி போடவேண்டுமா என்று அறிய ஒரு வைத்தியர் கேட்கவேண்டிய கேள்வி. ஆமென்றோ இல்லையென்றோ சொன்னால் போதும். நான் சொன்னது இது: "ஆணியே இல்லை, டொக்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கவில்லை.

"சரி. அப்ப துருப்பிடிச்சதெண்டே வைச்சுக்கொள்ளுவம்" என்று சொல்லி ஊசியைப் போட்டார்.

மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போனபின் மனைவி கேட்டாள்: "அந்த மனிசியிட்டையுமோ இல்லையெண்டு சொல்லவேணும்?"

வெள்ளையன் பிழைத்தான். பிறகு ஓடவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கை வழியாகப் போகிற நாட்களில் டொக்டர் ஸ்கூட்டரை நிறுத்தி, வேலிக்கு மேலால் எட்டி, "என்னடா, சுகமோ?" என்று கேட்பார். கேட்டது மாட்டிடம். நடந்ததை அவர் வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவரோடு சண்டை பிடிக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். அது இல்லாததற்கும் சேர்த்து அவர்மேல் வன்மம் வைத்திருந்தேன். நான் வைத்திருந்த வன்மங்களில் நியாயமே இல்லாதது அது ஒன்றுதான். மற்றவற்றை வைத்துக்கொள்கிறேன்.

தேவாலயத்தில் நடந்த அடக்க ஆராதனையில் சங்கத் தலைவர் பேசினார். "எங்கடை சவாரிக்கு அவ செய்த சேவை" என்று கண்ணைத் துடைத்தார். டொக்டரை வெளியே அனுப்பிய வாயே அது. எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பவில்லை.

அதனால் மறுநாள் கிண்ணத்தையும் தடியையும் ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். தடி நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாஸ்ரர், உதை ஏன் இப்ப கிளறுறியள்? மனிசியும் மோசம் போட்டா. உங்களுக்கெல்லோ மானக்கேடு?"

"ஓம். எனக்குத்தான். அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்து எழுதுங்கோ. தமிழ் நான் பார்த்துத் தாறன். அடுத்த சவாரிக்கு ஒரு வைத்தியரைக் கூப்பிடுங்கோ. மாலை போட முந்தி அவர் மாட்டைப் பார்க்கட்டும்."

அவர் இரண்டையும் உரப்பைக்குள் திரும்பப் போட்டு மேசைக்குக் கீழே வைத்தார். அவர் எழுதாவிட்டால் என்ன, இதை எல்லோரும் வாசிக்கப் போகிறீர்கள். நேசமலர் டொக்டரை அறிந்தவர்களே, அன்று குங்குமத்தை அவமதித்தவர் அவர் அல்ல. உங்களில் யாராவது அந்தப் பேச்சை இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், இனி விட்டுவிடுங்கள். அதைக் கட்டிவிட்டவன் சொல்கிறேன்.

கிண்ணமும் தடியும் இப்போது என்னிடம் இல்லை. டொக்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை, கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிற ஒரு கிழட்டு மாடும், பன்னிரண்டு வருடமாக விடை சொல்லாமல் வைத்திருந்த ஒரு கேள்வியும். மாடு இருக்கும்வரை இருக்கட்டும். கேள்விக்கு இன்று விடை சொல்கிறேன்.

ஓம் டொக்டர். துருப்பிடித்த ஆணிதான்.